பாதாம் வாசனைப் பூச்சி

தேவகியின் வாயில் விழுந்து எழுந்தவர்கள் திருத்தணியில் குறைவு. ரேஷன் கடையில் அரிசி குறைந்தபோது, எடை போட்டவனையே தராசில் ஏறச் சொன்னவள் அவள். "உன் எடையாவது சரியாக் காட்டுதா பாக்கலாம், ஏறுடா" என்றாள். அவன் ஏறவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அரிசியைக் கூட்டிப் போட்டான். அரக்கோணம் பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைச்சட்டைக்காரரை, அவர் இறங்கும்வரை விடாமல் திட்டினாள். பாவம், அவர் தன் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப்போனதாகக் கேள்வி.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். மலையடிவாரத்துச் சத்திரத்தின் சமையற்கட்டுப் பின்வாசல் படி. அந்தப் படிக்கு எதிரில் போய் நின்றால் தேவகியின் குரல் தானாக இறங்கிவிடும், முந்தானை தானாக இடுப்புக்குப் போய்விடும். இருபத்தாறு வருஷம் இப்படி. கேட்கிறவனுக்கே ரத்தம் கொதிக்கும். அவளுக்கு அது ஏன் கொதிக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

பிறந்தது பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், ஆந்திரா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊர். அவளுடைய நைனா கரும்பு வெட்டப் போனவர். தேவகியும் பள்ளிக்கூடம் போன நாளைவிடக் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை இலை உரித்த நாள்தான் அதிகம். கட்டிக்கொடுத்தது திருத்தணியில் கங்காதரனுக்கு. அவன் திருவாலங்காட்டுப் பக்கம் லாரிக்குக் கரும்பு ஏற்றுகிறவன், நல்லவன், ஆனால் எதற்கெடுத்தாலும் "வுடு, வுடு" என்பவன். மோனிகா என்று ஒரே பெண். அவள் வயிற்றில் இருந்தபோதுதான் தேவகி சத்திரத்துக்கு விறகு கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தாள்.

சத்திரம் நாலு நெசவு வியாபாரக் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. உள்ளே சின்னதாக ஒரு முருகர் சன்னதி. கிருத்திகைக்குக் கிருத்திகை அங்கே சமைத்து, முருகருக்குக் காட்டி, மலையேறிவிட்டு வருகிறவர்களுக்குப் பந்தி போடுவார்கள். சமையலுக்குத் தலைவர் சந்திரமௌலி. தலைமுறை தலைமுறையாக நைவேத்தியம் சமைக்கிற குடும்பம். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. அவருடைய சர்க்கரைப் பொங்கலுக்காகவே படியேறாமல் நேராகப் பந்திக்கு வருகிற பக்தர்கள் உண்டு.

அவருக்குச் சில கண்டிப்புகள். சுவாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக்கூடாது, அது எல்லாச் சமையற்கட்டிலும் உள்ளதுதான். இவர் ஒரு படி மேலே போய், வாசனைகூடப் பிடிக்கக்கூடாது என்பார். முதல் வாசனை சுவாமிக்கு. அதனால் அவரும் அவருடைய ஆட்களும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவார்கள். உப்பும் வெல்லமும் கைக்கணக்கு, பதம் கண் கணக்கு.

இன்னொரு கண்டிப்பு தேவகிக்கானது. அவள் பின்வாசல் கருங்கல் படிக்கு இந்தப்பக்கம் நின்றுவிட வேண்டும். கொண்டுவந்த விறகையும் சருகு மூட்டையையும் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அதன்மேல் உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து தண்ணீர் தெளிப்பான். தெளிப்பது என்று பேர்தான், குடத்தைக் கவிழ்ப்பான். தேவகி தொட்ட தீட்டு அப்போதுதான் போகுமாம். மலையின் மேற்குச் சரிவில் காய்ந்து விழுந்த கொம்பும் சுள்ளியுமாகப் பொறுக்கி, பாறைமேல் பரப்பி, மொறுமொறுவென்று காயவைத்துக் கொண்டுவந்த விறகு, ஒரு நொடியில் சொதசொதவென்று ஆகிவிடும். அதை எரிய வைக்க முடியாமல் அவர்களே புகையில் இருமுவார்கள். இருமினாலும் சாஸ்திரம் சாஸ்திரம்தான்.

இங்கேதான் ஒரு ஜீவன் குறுக்கே வருகிறது. ரயில்பூச்சி எல்லோருக்கும் தெரியும், மரவட்டை. தொட்டால் சக்கரமாகச் சுருண்டுகொள்ளும் உருண்டை உடம்பு. நான் சொல்வது அதற்குப் பங்காளி. இது உருண்டை இல்லை, தட்டை. முதுகில் ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்கின மாதிரி ஓடு நீட்டிக்கொண்டிருக்கும். கறுத்த உடம்பு, ஓரங்களில் மட்டும் மஞ்சள் பொட்டு. சுண்டுவிரல் நீளம்கூட வராது. வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால். இத்தனை காலைக் கொடுத்த கடவுள் கண்ணைக் கொடுக்கவில்லை. மீசை இரண்டால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கும்.

காட்டுச் சருகுக்கு அடியில் ஓர் இலைக்கும் இன்னோர் இலைக்கும் நடுவில் புகுந்து போக அந்தத் தட்டை முதுகு தோது. மட்கின இலைதான் சாப்பாடு. மரங்கள் வருஷா வருஷம் உதிர்ப்பதெல்லாம் அப்படியே குவிந்து கிடக்காமல் மண்ணாகிறது என்றால் அதில் இந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெண்பூச்சி தன் எச்சத்தையும் மண்ணையும் குழைத்துக் குமிழ் மாதிரி ஒரு கூடு கட்டி, அதற்குள் முட்டை போடும். பொரித்து வருகிற குஞ்சுக்கு மூன்று ஜோடிக் கால்தான். ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் வளையம் கூடும், கால் கூடும். உரிக்கிற சமயத்தில் உடம்பு மெத்தென்று இருக்குமே, யாராவது தின்றுவிட்டால்? அதனால் மண்ணுக்குள் தனக்கென்று ஓர் அறை செய்து கதவடைத்துக்கொள்ளும். உரித்த சட்டையையும் வீணாக்காமல் தின்றுவிடும். இந்தப் பிழைப்புக்கு முக்கியமாக வேண்டியது ஈரம். வெயிலில் மாட்டிக்கொண்டால் காய்ந்து செத்துப்போகும்.

அது கடிக்காது, கொட்டாது, வேகமாக ஓடவும் தெரியாது. தன்னைக் காத்துக்கொள்ள ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறது. உடம்போரத்தில் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே இரண்டு சரக்கு தனித்தனி அறையில் இருக்கும். மிதித்தாலோ சூடு பட்டாலோ இரண்டையும் கலந்து வெளியே கசியவிடும். அதில் துளி சயனைடு இருக்கிறது. எறும்பு கிட்டே வராது. மனிதனுக்கு அந்தத் துளியால் ஒன்றும் ஆகாது, வாசனை மட்டும் தெரியும். வாசனை சாட்சாத் பாதாம். பாதாம்பால் கடையில் ஊற்றுகிறார்களே எசென்ஸ், அதே வாசனை. ஒன்றிரண்டு என்றால் மூக்குக்கு எட்டாது. கூட்டமாகக் கசிந்தால் வீட்டையே தூக்கும்.

சத்திரத்தில் அது எப்படிக் கூட்டமாயிற்று? தேவகியின் சருகு மூட்டையில் எப்போதாவது ஒன்றிரண்டு வந்திருக்கும். காய்ந்த விறகடியில் அவை பிழைத்திருக்காது. சந்திரமௌலியின் ஆட்கள் தீட்டுக் கழிக்கிறோம் என்று அவள் விறகு போடும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி, தகரக் கூரைக்கு அடியில் ஒரு குட்டிக் காட்டையே வளர்த்துவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு என்று முன்கூட்டியே அடுக்கி வைத்த விறகு வேறு. அடியிலிருந்த பட்டையெல்லாம் மட்கி, பூச்சி குடும்பம் குட்டியோடு செழித்துவிட்டது.

போன ஆடிக் கிருத்திகை அன்று காலை, ஊரே மஞ்சளாக இருந்தது. பூக்காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டு போயின. ஊற்றின தண்ணீர் போதாதென்று முந்தின நாள் மழைச்சாரலும் அடித்து விறகு நனைந்திருந்ததால் ஆட்கள் அதை வாரிக் கொண்டுபோய் அடுப்பைச் சுற்றிக் காயவைத்தார்கள். சூடு ஏற ஏறப் பூச்சிகள் வெளியே வந்து கல் இடுக்கில் சுருண்டன. அவசரத்தில் நாலு பேர் அவற்றின்மேலேயே நடந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் மூக்கில் துணி. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

முன்வாசல் பக்கம் வந்த சத்திரத்து மேனேஜர் ராஜமாணிக்கத்துக்குத்தான் முதலில் எட்டியது. "இன்னா சாமி, பாதாம் வாசனை தூக்குது? இன்னிக்குப் பாதாம் பாயசமா?" என்றார்.

சந்திரமௌலி ஆடிப்போய்விட்டார். "பாதாமா? நான் பாதாமைத் தொடவே இல்லையே!"

ஒரு நிமிஷம் துணியை அவிழ்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று மோந்து பார்த்திருந்தால் விஷயம் அடுப்படியிலேயே முடிந்திருக்கும். மோந்து பார்க்கத்தான் கூடாதே. இன்னும் சுவாமிக்குக் காட்டவில்லையே. அதனால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதர் வாசனையைக் கண்ணால் தேடினார். பின்வாசலுக்கு வெளியே தேவகி குனிந்து சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள். திருநாள் என்று தலை வாரி எண்ணெய் வைத்திருந்தாள். பளபளவென்று இருந்தது.

ராஜமாணிக்கம் சுற்றிக்கொண்டு வந்து அவள் தலைப் பக்கம் மூக்கை நீட்டினார். "ஆங், இதான் சாமி. இவ தலையிலர்ந்துதான் வருது."

அது மோனிகா வாங்கிக்கொடுத்த எண்ணெய். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிற பெண், அம்மாவுக்கு முடி கொட்டுகிறதே என்று பாதாம் ஹேர் ஆயில் வாங்கி வந்திருந்தாள். பூச்சிக்கும் அந்தப் பாட்டிலுக்கும் ஒரே வாசனையாக அமைந்தது தேவகியின் தலையெழுத்து.

"ஏண்டி, உள்ள வந்தியா?" என்றார் சந்திரமௌலி.

"இல்ல சாமி."

"வராம உள்ள எப்படிடி அடிக்கும்? வாசனைக்குக் காலா மொளைச்சிருக்கு?"

மொளைத்துத்தான் இருந்தது, அதுவும் எத்தனையோ கால். அவர் காலடியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. தேவகி படியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். தொட்டதற்கு இன்னொரு திட்டு விழுந்தது.

இரண்டு அண்டா சர்க்கரைப் பொங்கலைக் கொல்லையில் கொட்டினார்கள். முற்றத்தில் கல் கூட்டி மறுபடி சமைக்க வேண்டியிருந்ததால் பந்தி மத்தியானத்துக்குத் தள்ளிப்போயிற்று. பசியோடு காத்திருந்த கூட்டத்துக்கு ராஜமாணிக்கம் காரணத்தை விளக்கினார், பேர் சொல்லி, விரல் நீட்டி. "விறகுக்காரி தேவகி மடி, ஆசாரம் இல்லாம உள்ள பூந்துட்டா." மொட்டை போட்ட தலைகளெல்லாம் திரும்பி அவளைப் பார்த்தன. யாரோ ஒருத்தி தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மறுநாள் அடுப்பை இடித்துப் புதிதாகக் கட்டி, கோமியம் தெளித்து, மந்திரம் சொல்லிச் சுத்தம் செய்தார்கள். அவள் அடுக்கிய விறகையெல்லாம் வாரித் தெருவில் எறிந்தார்கள். "எடுத்துக்கினு போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார் ராஜமாணிக்கம்.

தேவகி அந்த விறகைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் ஊர் பார்த்தது. ரேஷன் கடைக்காரன்கூடப் பார்த்துச் சிரித்தான். அவனைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வேலை போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. செய்யாததைச் செய்தாள் என்றார்களே, அதுதான் நெஞ்சை அறுத்தது. இருபத்தாறு வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்தப் படியைத் தாண்டாமல் நின்றதுக்கு இதுதானா மரியாதை?

"வுடு, வேற வேல பாத்துக்கலாம்" என்றான் கங்காதரன். அவன்மேல் முறத்தை வீசினாள்.

மோனிகா வேறு மாதிரி கேட்டாள். "உள்ள போனாத்தான் இன்னாமா? அதுவும் ஒரு சமையக்கட்டுதான?"

"நான் போவலடி!" என்று கத்தினாள் தேவகி. "போவலைன்றேன், நீ இன்னாடி போனா இன்னான்ற?" எண்ணெய் பாட்டிலைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள். சீயக்காய் போட்டுத் தலை முழுகினாள். ஒருவேளை தன் தலை வாசனைதான் காற்றில் உள்ளே போயிருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. அந்தச் சந்தேகத்துக்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் வெந்நீர் போட அந்தச் சத்திரத்து விறகைப் பிளந்தாள். ஈரம் இன்னும் காயாத பட்டைக்கு அடியிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தன கறுப்பும் மஞ்சளுமாய்ப் பூச்சிகள். சனியனே என்று துடைப்பத்தால் வாரி முறத்தில் தள்ளினாள். தள்ளின வேகத்தில் குப்பென்று அடித்தது பாதாம் வாசனை.

தேவகி தன் பின்னலை எடுத்து மோந்து பார்த்தாள். சீயக்காய் வாசனைதான். முறத்தை மோந்தாள், பாதாம். இன்னொரு தடவை குலுக்கினாள். இன்னும் பலமாக அடித்தது. "அடப்பாவிங்களா" என்று எழுந்தாள். முறத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு, தலையை முடிந்துகொண்டு, வெயிலில் விடுவிடுவென்று நடந்தாள். எதிரில் வந்தவர்கள் வழி விட்டார்கள்.

அன்றைக்குச் சமையல் கிடையாது. அடுப்பு ஆறிக் கிடந்தது. சந்திரமௌலி மூக்குத்துணி இல்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். ராஜமாணிக்கம் உள்பக்க வாசலில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். தேவகி பின்வாசலில் நின்றாள், படிக்கு இந்தப்பக்கம்தான்.

"சாமி, இத மோந்து பாரு" என்று தட்டை விலக்கி முறத்தைக் குலுக்கி நீட்டினாள்.

இரண்டு பேருக்கும் எட்டியது. ராஜமாணிக்கத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சந்திரமௌலி குனிந்து முறத்தைப் பார்த்தார், மறுபடி மோந்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, மனசு லேசான சிரிப்பு.

"அட ராமா, இந்தப் பூச்சியா! விறகோட உள்ள வந்திருக்கு. இதுக்குப் போயா அவ்வளவு அமர்க்களம் பண்ணினோம்? தண்ணி ஊத்தி ஊத்தி நாமளே வளத்திருக்கோம் ஓய்."

ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார். "சரி தேவகி, நடந்தது நடந்துபோச்சு. நீ உள்ள வரலைன்னு தெரிஞ்சுபோச்சில்ல? நாளைலர்ந்து எப்பவும் போல வந்துடு."

அவள் கேட்டு வந்தது அதுதான். இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, புருஷனைத் திட்டி, மகளைத் திட்டி, அவள் கேட்டது இந்த ஒரு வார்த்தைதான். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். திரும்பத்தான் போனாள். ஆனால் ஏதோ இடித்தது.

"சாமி, அப்ப இந்தப் பூச்சிதான உள்ள வந்துச்சு?"

"ஆமாண்டி, இதுதான்."

"அதுக்கு அடுப்ப இடிப்பீங்களா?"

"எதுக்கு இடிக்கணும்? பூச்சிக்கு ஏதுடி தீட்டு? வாயில்லா ஜீவன். பெருக்கித் தள்ளினாப் போச்சு."

"நான் வந்தேன்னு இடிச்சீங்களே."

சந்திரமௌலி பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "அது வேறடி, தேவகி. இது வேற."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பாள். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளைச் சுட்டது. தான் எதை நிரூபிக்க இத்தனை வெயிலில் ஓடி வந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான் உள்ளே வரவில்லை, நான் வரவே மாட்டேன், நான் அவ்வளவு நல்லவள் என்று சொல்லத்தானே? ஏன் வரக்கூடாது என்று ஒரு நாளாவது கேட்டாளா? ஊரையெல்லாம் கேட்ட வாய் அது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

முறத்தைக் கீழே வைத்தாள். கருங்கல் படியில் கால் வைத்து ஏறி உள்ளே போனாள்.

"ஏய், ஏய்! நில்லுடி!" என்று சந்திரமௌலி எழுந்தார். ராஜமாணிக்கம் ஓடி வந்து கையை நீட்டியவர், தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்.

உள்ளே கரி பிடித்த சுவர், கவிழ்த்து வைத்த அண்டாக்கள், மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு தண்ணீர்த் தவலை, சொம்பு. அவ்வளவுதான் இருந்தது. சமையலுக்கு என்று மூடி வைத்திருந்த பித்தளைத் தவலையின் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் இந்த இடத்தில் அவளுக்குத் தண்ணீர் என்றால், யாராவது உயரப் பிடித்து ஊற்ற, குவித்த கைக்குள் வாங்கிக் குடித்ததுதான். தேவகி சொம்பைத் தவலைக்குள் விட்டு மொண்டாள். விளிம்பில் உதடு வைத்து, நிறுத்தி நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். சொம்பை அடுப்பு மேடைமேல் வைத்தாள். சத்தம் கேட்கிற மாதிரியே வைத்தாள்.

"அன்னிக்கு வராததுக்குத் தொரத்தினியே ஐயரே" என்றாள். "இந்தா, இப்ப வந்துட்டேன். இப்ப தொரத்து."